பட்டாளத்திலிருந்து பாதியில் விலகலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஆரணி, போளூர், செங்கம், கலசப்பாக்கம் பக்கத்து ஊர்களில் “மிலிட்டரிக்காரர் வீடு” என்று அடையாளம் சொல்லி வழி காட்டும் தெருக்கள் உண்டு. 1989-இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை திருவண்ணாமலை வட ஆற்காட்டோடுதான் இருந்தது. வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு படைக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர்களைக் கொண்ட மண் அது. படையில் சேருவது எப்படி என்று சொல்லித் தர இங்கே பயிற்சி மையங்களும் மூத்த பட்டாளத்துக்காரர்களும் இருக்கிறார்கள். சேர்ந்த பிள்ளை லீவில் வந்து “இனி என்னால் முடியாது” என்று சொன்னால் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

அந்த நேரத்தில் குடும்பங்கள் இரண்டு தவறுகளைச் செய்கின்றன. மானம் போய்விடும் என்று பயந்து பிள்ளையை அதட்டித் திருப்பி அனுப்புவது ஒன்று. பாசத்தில் வீட்டிலேயே வைத்துக்கொண்டு “பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்துவிடுவது மற்றொன்று. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. படையை விட்டு வெளியே வர வழிகள் பல உண்டு. எந்த வழியில் வருகிறார் என்பதைப் பொறுத்தே பென்ஷன், மருத்துவ வசதி, மறுவேலை எல்லாம் அமையும். அதனால் அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்களை இங்கே தொகுத்திருக்கிறோம்.

மற்ற வேலைகளைப் போல ராஜினாமா கொடுத்துவிட்டு வந்துவிட முடியாதா?

முடியாது. தனியார் கம்பெனியில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும். படையில் விலகல் என்பது மேலிடம் தரும் அனுமதி. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டமும், அதன்கீழ் வந்த 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளும் இதை வகுத்திருக்கின்றன. அந்த விதிகளில் 13-ஆவது விதி, யாரை எந்தக் காரணத்துக்காக யார் டிஸ்சார்ஜ் செய்யலாம் என்று அட்டவணையாகவே சொல்கிறது. ஒப்பந்தக் காலம் முடியும் முன் சொந்த விருப்பத்தில் விலகக் கேட்பதற்கு அதில் இடம் இருக்கிறது. ஆனால் மனுவை ஏற்பது தகும் என்றும், அவர் போவதால் யூனிட்டின் பலம் அளவுக்கு மீறிக் குறையாது என்றும் கமாண்டிங் ஆபீசருக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் அனுமதி கிடைக்கும்.

உச்ச நீதிமன்றமும் 2019-இல் விமானப்படை வீரர் ஒருவரின் வழக்கில் இதை உறுதி செய்தது. படையில் சேர்ந்த ஒருவர் தம் விருப்பம்போல் எப்போது வேண்டுமானாலும் விலகும் நிபந்தனையற்ற உரிமையைக் கோர முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பிரிட்டனில் புதிதாகச் சேர்ந்தவர் முதல் 28 நாள் கழித்து, மூன்று மாதத்துக்குள் உரிமையாகவே விலகிக்கொள்ளலாம். நம் சட்டத்தில் அப்படி ஒரு கால அவகாசம் இல்லை. ஆகவே கேட்பவர் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறார், என்ன ஆதாரம் வைக்கிறார் என்பதற்கு இங்கே எடை அதிகம்.

என் மகன் அக்னிவீரர். நான்கு ஆண்டுதானே, நடுவில் வந்துவிட்டால் என்ன குறையும்?

அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டது. அக்னிவீரர் தம் விருப்பத்தில் நடுவில் விலகுவதை அந்தத் திட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. விதிவிலக்கான சூழலில், உரிய அதிகாரியின் ஒப்புதலோடு மட்டுமே விலகலாம்.

பணக் கணக்கைப் பாருங்கள். முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அடுத்தடுத்த ஆண்டுகளில் 33,000, 36,500, 40,000. ஒவ்வொரு மாதமும் இதில் 30 சதவீதம் சேவா நிதிக்காகப் பிடிக்கப்படுகிறது. அதே அளவு தொகையை அரசும் போடுகிறது. நான்கு ஆண்டில் வீரரின் பங்கு 5 லட்சத்து 2 ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அரசின் பங்கும் அதே. வட்டியும் சேர்த்து ஏறக்குறைய 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய், வருமான வரி இல்லாமல் கைக்கு வரும்.

இரண்டு ஆண்டு முடிந்து சொந்த விருப்பத்தில் விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை அவர் சம்பளத்திலிருந்து பிடித்தது 2 லட்சத்து 26 ஆயிரத்து 800 ரூபாய். அது வட்டியோடு அவருக்குக் கிடைக்கும். அரசு போட வேண்டிய அதே அளவு தொகை கிடைக்காது.

பணத்தை விடப் பெரிய இழப்பும் உண்டு. நான்கு ஆண்டு முடிப்பவர்களில் 25 சதவீதம் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 சதவீத இட ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் அறிவிக்கப்பட்டன. பத்தாம் வகுப்போடு சேர்ந்தவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று பெறவும் வழி வகுத்திருக்கிறார்கள். இவையெல்லாம் காலத்தை முழுதாக முடிப்பவர்களை மனதில் வைத்து வகுத்தவை. முதல் அணி 2022 இறுதியில் உள்ளே போனது. மூன்று ஆண்டு கடந்த பிள்ளை “விலகுகிறேன்” என்று சொன்னால், மிச்சம் இருக்கும் மாதங்களை எண்ணிப் பார்க்கச் சொல்வதே பெற்றோர் செய்யக்கூடிய முதல் உதவி.

அக்னிவீரருக்கு நான்கு ஆண்டு முடித்தாலும் பென்ஷனும் கிராஜுவிட்டியும் கிடையாது என்பதை நாமும் மறைக்க வேண்டாம். அதனால் வெளியே உறுதியான படிப்போ வேலையோ கையில் இருந்து, உள்ளே தொடர முடியாத உண்மையான காரணமும் இருந்தால், விலக நினைப்பது குற்றமில்லை. முறைப்படி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சியிலேயே முடியவில்லை என்கிறான். என்ன செய்யலாம்?

குன்னூர் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமானாலும், பெங்களூரு மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப் மையமானாலும், வடக்கே எங்கோ ஒரு பயிற்சி மையமானாலும் தொடக்க வாரங்கள் எல்லோருக்கும் கடினம். இந்தி புரியாது. சாப்பாடு ஒத்துவராது. குளிர் தாங்காது. போன் பேசும் நேரமும் குறைவு. ஊரில் தனியாக இருந்து பழகாத பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அழுகை வருவது இயல்பு. இதில் பெரும்பகுதி பழகப் பழகக் குறையும். முதல் மாதத்துப் பேச்சை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உடல் உண்மையிலேயே ஒத்துழைக்கவில்லை, மனம் உடைகிறது என்றால் நிலைமை வேறு. உறுதிமொழி எடுத்துப் பணியில் உறுதி செய்யப்படாதவர்களை டிஸ்சார்ஜ் செய்வதற்கான ஏற்பாட்டை 13-ஆவது விதி தனியாக வைத்திருக்கிறது. உறுதிமொழிக்குப் பிந்திய கட்டத்தை விட இது எளிது. பிள்ளை தன் கம்பெனி ஆபீசரிடமோ, மையத்து மருத்துவரிடமோ நேரில் சொல்ல வேண்டும். சுவர் ஏறிக் குதித்து ரயில் பிடித்து வந்துவிடக் கூடாது.

அதிகாரியாகப் பயிற்சி பெறுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தேசியப் பாதுகாப்பு அகாடமி, டேராடூன் ராணுவ அகாடமி, சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி ஆகியவற்றிலிருந்து தம் விருப்பத்தில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். சேரும்போது கையெழுத்திட்ட பத்திரத்தை எடுத்துப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

லீவு முடிந்தும் திரும்பவில்லை. பத்து நாள் ஆகிவிட்டது. அவர்களே பெயரை நீக்கிவிட மாட்டார்களா?

இதுதான் மிக ஆபத்தான நம்பிக்கை. பெயர் தானாக நீங்கி விடுதலை கிடைப்பதில்லை. வழக்கு வளரும்.

தகுந்த காரணமின்றி லீவு முடிந்தும் திரும்பாமல் இருப்பது ராணுவச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை தரலாம். அனுமதியின்றி 30 நாள் வராமல் இருந்தால் 106-ஆவது பிரிவின்படி விசாரணை மன்றம் கூட்டி, அந்த வீரர் இல்லாததையும் அவர் பொறுப்பில் இருந்த அரசுப் பொருட்களில் குறைவதையும் பதிவு செய்வார்கள். அதன்பின் அவரே திரும்பாமலும் பிடிபடாமலும் இருந்தால் ஓடிப்போனவர் என்று கருதப்படுவார். 38-ஆவது பிரிவின்படி ஓடிப்போவதற்கு ஏழு ஆண்டு வரை சிறை. போர்க்களப் பணியிலோ, அதற்கான உத்தரவு பெற்ற நிலையிலோ ஓடியிருந்தால் மரண தண்டனை வரை சட்டத்தில் இடம் உண்டு. எல்லைப் பகுதிகள் பலவும் அத்தகைய பணியிடங்களாக அறிவிக்கப்பட்டவை என்பதால், “இப்போது போர் எதுவும் இல்லையே” என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

யூனிட்டிலிருந்து சொந்த ஊர்க் காவல்துறைக்குத் தேடிப் பிடிக்கச் சொல்லிக் கடிதம் வரும். ஓடிப்போனவரைப் பிடித்து ராணுவத்திடம் ஒப்படைக்கக் காவல்துறைக்கு 105-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. இதற்கிடையில் சம்பளம் நிற்கும். கடைசியில் டிஸ்மிஸ் என்று முடிந்தால், அதுவரை செய்த சேவைக்கான பென்ஷனும் கிராஜுவிட்டியும் பொதுவாகக் கிடைக்காது. பத்து ஆண்டு உழைப்பு அப்படியே போய்விடும். பாஸ்போர்ட், அரசு வேலை, போலீஸ் சரிபார்ப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பதிவு குறுக்கே நிற்கும்.

பத்து நாள் ஆகிவிட்டதென்றால் இன்றே யூனிட்டுக்குப் பேசுங்கள். ஏன் வர முடியவில்லை என்பதற்கான ஆதாரத்தை எடுத்துக்கொண்டு அவராகவே போய் ஆஜராகட்டும். யூனிட் தொலைவில் இருந்தால் அருகில் உள்ள ராணுவ நிலையத்தில் ஆஜராகி விவரம் சொல்லலாம். தானாகத் திரும்பியவருக்கும் போலீஸ் பிடித்துக் கொடுத்தவருக்கும் தண்டனையில் பெரிய வேறுபாடு உண்டு. ஒளித்து வைக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு எதிராகவே போய்ச் சேரும்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. நிலத் தகராறு வேறு. வீட்டைப் பார்க்க ஆளில்லை. விலகுவதைத் தவிர வழி இருக்கிறதா?

இருக்கிறது. விலகலைக் கேட்கும் முன் இவற்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது, லீவு நீட்டிப்பு. ஆஸ்பத்திரிச் சான்றோடு லீவு முடியும் முன்பே யூனிட்டுக்குத் தகவல் அனுப்பிக் கேட்கலாம். நீட்டிப்பு கிடைத்ததற்கான பதில் கைக்கு வரும்வரை, கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. வழக்கமான வீரருக்கு ஆண்டு லீவு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள். அக்னிவீரருக்கு ஆண்டு லீவு 30 நாள்தான். ஆகவே அக்னிவீரர் குடும்பங்கள் லீவைச் சிக்கனமாகத் திட்டமிட வேண்டும்.

இரண்டாவது, கருணை அடிப்படையிலான இடமாற்றம். வீட்டுக்கு அருகில் உள்ள யூனிட்டில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற அனுமதி கேட்பது. அப்பாவின் சிகிச்சை, மனைவியின் பிரசவம், மாற்றுத்திறனாளிக் குழந்தை போன்ற காரணங்களுக்கு இது பொருந்தும்.

மூன்றாவது, வீட்டுப் பிரச்சினையை மாவட்ட நிர்வாகத்தின் வழியாகத் தீர்ப்பது. வேங்கிக்காலில் உள்ள கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மனு வாங்குகிறார்கள். முன்னாள் படைவீரர்களுக்கும் பணியில் உள்ள வீரர்களின் குடும்பங்களுக்கும் தனிக் குறைதீர் கூட்டமும் அவ்வப்போது நடக்கும். வீரரின் கமாண்டிங் ஆபீசர் நேரடியாகக் கலெக்டருக்குக் கடிதம் எழுதுவதும் வழக்கம். வரப்புத் தகராறு, பட்டா மாறுதல், வழிப்பாதை அடைப்பு ஆகியவற்றுக்கு இது நல்ல வழி. கோர்ட்டில் வழக்கு இருந்தால், 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம், சிறப்புச் சூழலில் பணியாற்றும் வீரர் வர இயலாதபோது உரிமையியல் வழக்கைத் தள்ளிவைக்க வழி தருகிறது. இந்தச் சட்டத்தை வழக்கறிஞருக்கு நினைவுபடுத்துங்கள். ஓர் ஏக்கர் நிலத்துக்காக வாழ்நாள் பென்ஷனை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் வேறு வழியே இல்லை என்றால், மிகக் கடுமையான குடும்பச் சூழல் என்ற காரணத்தைக் காட்டி விலகக் கேட்கலாம். அப்போது வீட்டு நிலவரம் உண்மையா என்று மாவட்டத்திலிருந்து விசாரித்து அறிக்கை கேட்பார்கள். முன்பே இடமாற்றம் கேட்டுக் கிடைக்காமல் போன கடிதங்கள் இருந்தால் மனுவுக்கு வலு கூடும்.

14 ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் ஓராண்டு இருந்தே ஆக வேண்டுமா?

பழைய முறையில் சேர்ந்த வழக்கமான வீரர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். வீரர்களுக்கு 15 ஆண்டு தகுதிச் சேவை முடிந்தால்தான் சர்வீஸ் பென்ஷன். அதிகாரிகளுக்கு 20 ஆண்டு. அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் விலகுவதற்கும் அந்தப் பக்கம் விலகுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பென்ஷன் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. குறைந்தபட்சம் 9,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி தனி. 19 வயதில் சேர்ந்தவர் 33 வயதில் விலகினால், அதன்பின் வாழப்போகும் ஆண்டுகள் முழுதும் அந்த வருமானம் இல்லை. அவருக்குப் பின் மனைவிக்கு வரவேண்டிய குடும்பப் பென்ஷனும் இல்லை. செய்த ஆண்டுகளுக்கு ஏற்ற கிராஜுவிட்டி, வருங்கால வைப்பு நிதி, குரூப் இன்ஷூரன்ஸில் சேர்ந்த சேமிப்பு ஆகியவைதான் மிஞ்சும்.

“சில மாதம் குறைந்தால் மன்னித்துவிடுவார்களே” என்று சிலர் சொல்வார்கள். தகுதிச் சேவையில் ஏற்படும் சிறு குறைவை மன்னிக்கும் ஏற்பாடு உண்மைதான். ஆனால் சொந்த விருப்பத்தில் விலகியவர்களை அந்தச் சலுகையிலிருந்து பென்ஷன் விதி விலக்கி வைத்திருந்தது. கோர்ட்டுக்குப் போய் வாங்கியவர்கள் உண்டு. அது பல ஆண்டு அலைச்சல். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பென்ஷன் இல்லாவிட்டாலும் “எக்ஸ் சர்வீஸ்மேன்” என்ற தகுதி வந்துவிடுமே?

வராது. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மத்திய அரசின் வரையறைப்படி, பென்ஷனுக்குத் தகுதி பெற்றபின் சொந்த விருப்பத்தில் விலகியவர் முன்னாள் படைவீரர். ஒப்பந்தக் காலம் முழுதும் முடித்துக் கிராஜுவிட்டியோடு விடுவிக்கப்பட்டவரும் முன்னாள் படைவீரர். படைப்பணியால் வந்த உடல் பாதிப்புக்காக விடுவிக்கப்பட்டவரும் அந்த வரையறைக்குள் வருவார். ஆனால் பென்ஷனுக்குத் தகுதி பெறும் முன்பே சொந்த விருப்பத்தில் விலகியவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார்.

அந்தத் தகுதியோடு வருபவை நிறைய. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீத இட ஒதுக்கீடு. 2003-இல் தொடங்கிய ஈசிஎச்எஸ் மருத்துவ வசதி. கேன்டீன் கார்டு. பிள்ளைகளுக்கான கல்வி உதவி. 1986-இல் தமிழக அரசு தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனத்தின் வழியே காவல் பணி. 2024 சுதந்திர தினத்தன்று முதல்வர் அறிவித்த “காக்கும் கரங்கள்” திட்டத்தில் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம். இவை எல்லாவற்றுக்கும் வாசலில் கேட்கப்படுவது முன்னாள் படைவீரர் அடையாள அட்டை.

15 ஆண்டு தாண்டிவிட்டது. இனி எப்போது விலகினாலும் ஒன்றுதானே?

பென்ஷன் உறுதி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. “ஒரே பதவி, ஒரே பென்ஷன்” திட்டத்துக்கான 2015 நவம்பர் உத்தரவு, இனிமேல் சொந்த விருப்பத்தில் முன்கூட்டி விலகுவோருக்கு அந்தத் திட்டத்தின் பலன் இல்லை என்றது. 2022 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பென்ஷனைத் திருத்தியபோது, 2014 ஜூலை 1 முதல் முன்கூட்டி விலகியவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. ஒப்பந்தக் காலத்தை முடித்தவரின் பென்ஷன் அவ்வப்போது இந்தத் திட்டத்தில் திருத்தப்படும். முன்கூட்டி வந்தவருக்கு அது நேராது. காலம் முடிய ஓரிரு ஆண்டே மிச்சம் என்றால் இந்த வித்தியாசத்தை வாழ்நாள் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

முதுகு வலி தாங்கவில்லை. தூக்கமும் இல்லை. உடம்பைக் காட்டி விலகக் கேட்கலாமா?

உடம்போ மனமோ பாதித்திருந்தால் “சொந்த விருப்பம்” என்று எழுதிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். மருத்துவ வழி தனி. ராணுவ மருத்துவமனையில் பதிவு செய்து, சிகிச்சை பெற்று, மருத்துவ வாரியத்தின் முன் போக வேண்டும். இலகுவான பணி, மருத்துவத் தரம் மாற்றம் ஆகியவை முதலில் வரும். தொடரவே முடியாது என்று வாரியம் சொன்னால் மருத்துவக் காரணத்தால் விடுவிப்பார்கள்.

இரண்டுக்கும் பலனில் பெரிய வேறுபாடு உண்டு. படைப்பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்று ஏற்கப்பட்டால், 15 ஆண்டு முடியாமல் இருந்தாலும் ஊன பென்ஷனுக்கு வழி உண்டு. பணியோடு தொடர்பில்லை என்று முடிவானாலும், 10 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கும் இன்வேலிட் பென்ஷன் தர 2020 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் முடிவெடுத்தது. சேரும்போது இல்லாத நோய் பிறகு வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில் புதிய தகுதி விதிகள் வந்திருப்பதால், இப்போது விடுவிக்கப்படுபவர் அந்த விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்னிவீரருக்கு மாதப் பென்ஷன் இல்லை. பணியால் வந்த ஊனம் 100, 75, 50 சதவீதம் என்ற அளவுக்கு ஏற்ப 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒரே தடவையாகக் கிடைக்கும்.

எந்த வழியில் வெளியே வந்தாலும் கடைசி மருத்துவப் பரிசோதனையில் எதையும் மறைக்காதீர்கள். அதில் எழுதப்படாத வலியைப் பிறகு நிரூபிப்பது கடினம். இல்லாத நோயை நடிப்பதும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் 46-ஆவது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். போலிச் சான்று வாங்கித் தருகிறேன் என்று வரும் இடைத்தரகரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

மனம் மிகவும் சோர்ந்திருந்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், விலகலைப் பற்றிய யோசனை பிறகு. முதலில் மருத்துவர். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்று அதில் ஒரு தனிப் பிரிவு 2023 டிசம்பரில் புனே படை மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. உதவி கேட்பது கோழைத்தனம் இல்லை என்பதைப் பிள்ளையின் அப்பாதான் முதலில் சொல்ல வேண்டும்.

போலீஸ் தேர்வில் பாஸ் செய்துவிட்டேன். பேங்க் வேலையும் வருகிறது. விடுவார்களா?

தேர்வு எழுதும் முன்பே அனுமதி கேட்டிருந்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. பணியில் உள்ள வீரர் வெளி வேலைக்கு விண்ணப்பிக்க யூனிட்டின் தடையின்மைச் சான்று வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிய ஓராண்டுக்குள் இருப்பவர்கள் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டிலேயே மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். முன்பே சொன்ன 2019 தீர்ப்பு வந்ததும் அனுமதியின்றி வெளி வேலைக்கு விண்ணப்பித்த ஒருவரின் வழக்கில்தான். வேலை ஆணை கையில் இருக்கிறது என்பது மட்டும் டிஸ்சார்ஜைப் பெற்றுத் தராது.

ஊரில் சொந்தமாகத் தொழில் தொடங்கலாம் என்று இருக்கிறேன். சரியா?

கிரிவலப் பாதையில் ஒரு மெஸ், நாலு அறை வைத்த லாட்ஜ், வாடகைக்கு வண்டி என்ற எண்ணம் இந்த ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு உண்டு. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் 14 கிலோமீட்டரும் நிரம்பி வழியும் கூட்டத்தைப் பார்த்தால் அந்த ஆசை வருவது இயல்பு. மாதத்தின் மற்ற நாட்களில் என்ன வியாபாரம் ஆகும் என்று, ஏற்கெனவே அங்கே கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். லீவில் வரும்போது மழைக்காலத்து வாரநாள் ஒன்றில் போய்ப் பாருங்கள். செய்யாறு சிப்காட்டில் வேலை என்றால், கைக்கு வரும் சம்பளத்தில் வீட்டு வாடகையையும் சாப்பாட்டையும் கழித்துப் பாருங்கள். படையில் இவ்விரண்டும் சம்பளத்துக்கு வெளியே கிடைத்தவை.

மனு எப்படிக் கொடுப்பது? மறுத்துவிட்டால்?

மனு யூனிட்டின் வழியாகவே போக வேண்டும். எம்.பி.யிடமும் அமைச்சரிடமும் சிபாரிசு தேடுவது உதவாது, சில நேரம் கெடுதலாகவும் முடியும். சேர்ந்த தேதி, முடித்த சேவை, விலகக் காரணம், அதற்கான ஆதாரம், முன்பு கேட்ட மாற்று வழிகள் ஆகியவற்றை உண்மையாக எழுதுங்கள். நகல் ஒன்றைக் கையில் வையுங்கள். முடிவு வரும்வரை பணியில் இருக்க வேண்டும். மனசு மாறினால் மனுவைத் திரும்பப் பெறக் கேட்கலாம். அதுவும் அனுமதிக்கு உட்பட்டதுதான், அதனால் உத்தரவு வரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மறுக்கப்பட்டால், ராணுவச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி மேலதிகாரிக்கு முறையீடு செய்யலாம். அதற்கும் பலனில்லை என்றால் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. நமக்கு அதன் சென்னை அமர்வு. துறை வழியான முறையீடுகளை முடித்துவிட்டு, இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ரெக்கார்டு ஆபீஸிடம் மூன்று விவரங்களை எழுத்தில் வாங்குங்கள். இன்றைய தேதிக்கு என் தகுதிச் சேவை எத்தனை ஆண்டு, எத்தனை மாதம்? இன்று விலகினால் எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு பணம் வரும்? எந்த விதியின்கீழ் என்னை டிஸ்சார்ஜ் செய்வீர்கள், அதனால் முன்னாள் படைவீரர் தகுதி கிடைக்குமா? வாய்ப்பேச்சுக் கணக்கு எதையும் நம்பாதீர்கள். வெளியே வரும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பெயர், பிறந்த தேதி, மனைவி பிள்ளைகள் விவரம், விலகிய காரணம், நன்னடத்தைக் குறிப்பு எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். ஒருமுறை வெளியே வந்தபின் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகலாம் என்ற எண்ணத்தோடு விலகாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் திருவண்ணாமலை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பணியில் உள்ள வீரரின் அப்பா அம்மாவும் மனைவியும் அங்கே போய்க் கேட்கலாம்.

படையில் கடைசிவரை இருந்தவர்தான் வீரர், பாதியில் வந்தவர் தோற்றவர் என்று பேசும் பழக்கத்தை ஊர் விட வேண்டும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பிள்ளைகள் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருக்கிறார்கள். பிறகு திரும்பிப் போகாமல் ஒளிகிறார்கள். உரிய இடத்தில் கேட்டு, உரிய உத்தரவு வாங்கிக்கொண்டு, மரியாதையான டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு வீட்டுக்கு வருபவர் எந்த வகையிலும் தலை குனிய வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை “முடியவில்லை” என்று சொன்னால் முதலில் முழுதாகக் கேளுங்கள். பிறகு அவரோடு உட்கார்ந்து கணக்கைப் போடுங்கள். லீவு முடியும் தேதிக்கு முன் டிக்கெட்டை எடுத்துக் கொடுங்கள். இருப்பதானாலும் விலகுவதானாலும் முடிவு யூனிட்டில் இருந்துகொண்டு எடுக்கப்படட்டும்.